உரத்த இசை தட்டுக்குள் அடங்குமா?

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், தாமிரபரணிப் பாசனத்து வயல்களுக்கு மத்தியில் இருக்கிறது காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். 1921இல் அங்கே பிறந்த நாகசுரக் கலைஞர் அருணாசலம் 1964இல் காலமானபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கோயில் வீதியிலோ கல்யாணப் பந்தலிலோ நின்று அவரை நேரில் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் அந்தப் பெயரைத் தெரியாத வீடு குறைவு. அவர்கள் அறிந்த அருணாசலம், தட்டிலும் கேசட்டிலும் இருக்கும் அருணாசலம்.

இங்கே ஒரு பழைய கேள்வி எழுகிறது. நாகசுரமும் தவிலும் கூரைக்கடியில் வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நான்கு ரத வீதிகளிலும் கேட்க வேண்டும், தேருக்கு முன்னால் திரண்டிருக்கும் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிப் போக வேண்டும் என்று உருவான கருவிகள் அவை. அப்படிப்பட்ட இசையைப் பத்து அங்குல அரக்குத் தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் என்று அடைத்தால் என்ன மிஞ்சும்? மிஞ்சுவதைக் கேட்டு ரசிப்பவர் உண்மையில் எதை ரசிக்கிறார்?

இதே கேள்வி மேற்கில் ஹார்டு ராக் இசையைச் சுற்றியும் எழுந்தது. 1960களின் கடைசியில் மார்ஷல் போன்ற பெரிய ஆம்ப்ளிஃபயர்களும் மின்கிட்டாரும் சேர்ந்து உருவாக்கிய அந்த இசைக்கு உரப்பு ஒரு துணைக்குணம் அல்ல, உயிரே அதுதான். டீப் பர்ப்பிள் குழு 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் எழுப்பிய ஒலி 117 டெசிபல் என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. அதே ஆண்டு வெளிவந்த அவர்களது ‘மெஷின் ஹெட்’ இசைத்தட்டை ஒருவர் தன் அறையில் அளவான ஒலியில் கேட்டும் அதை மகத்தான படைப்பு என்கிறார். இரண்டு மரபுகளுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றைப் பற்றிய விவாதத்தில் விடுபட்டது மற்றொன்றில் துலங்குகிறது.

அகமும் புறமும்

உரத்த கருவிகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் தமிழில் இசைத்தட்டுக்கு மிக முந்தியது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு என்று வகுத்துக்கொண்டு போகிறார். அகத்தில் இருப்பது உத்தமம், அடுத்தது மத்திமம், புறத்தில் இருப்பது அதமம். அரங்கின் நடுவுக்கு நெருங்க நெருங்க மதிப்பு ஏறுகிறது. இதை ஒலியளவை மட்டும் வைத்துச் செய்த பகுப்பு என்று கொள்ள முடியாது, ஏனென்றால் அகமுழவு வரிசையிலேயே பேரிகையும் குடமுழவும் இருக்கின்றன. எந்தக் கருவி எந்த இடத்தில், எதற்காக ஒலிக்கிறது என்பதே அளவுகோலாக இருந்திருக்கக்கூடும். ஆயினும் வீட்டுக்குள் வாசிப்பது உயர்வு, வெளியில் வாசிப்பது தாழ்வு என்ற பிற்கால மனப்போக்குக்கு இத்தகைய பகுப்புகள் துணைபோயிருக்கலாம். சின்ன மேளம், பெரிய மேளம் என்று பேச்சு வழக்கில் வந்த பிரிவில் ‘பெரிய’ என்ற அடை மரியாதையைக் குறித்தாலும், இருபதாம் நூற்றாண்டுச் சபா மேடைகளில் முதலிடம் வாய்ப்பாட்டுக்குத்தான் போனது.

ஐரோப்பியச் சிந்தனையிலும் உரப்பின்மேல் சந்தேகம் பழையது. இசைக்கு நாகரிகம் போதாது, கேட்க விரும்பாத அக்கம்பக்கத்தார்மீதும் அது போய் விழுகிறது என்று 1790இல் காண்ட் குறைபட்டார். 1854இல் எடுவார்ட் ஹான்ஸ்லிக் இசையின் அழகு அதன் வடிவத்தில், ஒலிகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவில் இருக்கிறது என்று வாதிட்டார். உடலில் உண்டாகும் அதிர்வு அவருக்கு அழகியலுக்குக் கீழான சங்கதி.

வடிவத்தை முன்வைக்கும் இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தட்டு அதற்குத் தொல்லை தருவதில்லை. அருணாசலம் வாசித்த ராகத்தின் வளர்ச்சி, சங்கதிகளின் அடுக்கு, தாளக் கணக்கு எல்லாம் மெதுவான ஒலியிலும் அப்படியே இருக்கின்றன. பலவீனம் அதே இடத்தில்தான். ஒரு நாகசுர ஆலாபனையை ஸ்வரப்படுத்தி வீணையில் வாசித்தால் வடிவம் மாறாது, ஆனால் கேட்பவருக்குக் கிடைப்பது வேறொன்று. அந்த ‘வேறு’ எது என்பதற்கு வடிவவாதத்திடம் திருப்தியான பதில் இல்லை.

தெருவில்தான் இசை இருக்கிறது என்பவர்கள்

இரண்டாவது நிலைப்பாடு இதற்கு நேரெதிர். 1906இல் அமெரிக்க பேண்டு இசைக்காரர் ஜான் ஃபிலிப் சூசா, இயந்திர இசை ஒரு பேராபத்து என்று கட்டுரை எழுதினார். வீட்டில் பாடுவதும் பழகுவதும் அழிந்துபோகும் என்பது அவர் கவலை. 1936இல் வால்டர் பெஞ்சமின், நகலெடுக்கப்படும் கலைப்படைப்பு தன் இடத்தையும் நேரத்தையும் சார்ந்த ஒளிவட்டத்தை இழக்கிறது என்றார். ஆனால் அந்த இழப்பில் ஒரு விடுதலையும் இருப்பதை அவர் கண்டார் என்பதை அவரை மேற்கோள் காட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நாகசுரத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் மிக வலுவானது. சுவாமி புறப்பாட்டில் எப்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பது, எந்த வேளைக்கு எந்த ராகம் என்றெல்லாம் முறை இருக்கிறது. அங்கே வாசிப்பவர் நடக்கிறார், கேட்பவரும் நடக்கிறார். ஒரு தெருமுனையில் மேளம் நின்றுவிட்டால் ஒரே ராகம் ஒரு மணி நேரம்கூட விரியும். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தின் மகுடம் என்ற தோற்கருவி அதிர்வதும், வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கும் வேகம் எடுப்பதும் சாமியாடியின் வருகையோடு பிணைந்தவை. அங்கே கேட்பவர் என்று தனியாக யாரும் இல்லை. தட்டு இவற்றிலிருந்து ஒலியை மட்டும் உரித்தெடுக்கிறது.

ஆனால் ‘தெரு’ என்பதை எல்லோருக்கும் பொதுவான ஓர் இடமாகக் கற்பனை செய்துகொள்வதில் சிக்கல் இருக்கிறது. தேரோடும் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற பூசல் 1895இல் கழுகுமலையில் உயிர்ப்பலி வாங்கிய கலவரமாக வெடித்தது. கோயில் நுழைவு சட்டமாவதற்கு அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எந்தச் சாதியார் எந்த வீதியில் எவ்வளவு தூரம் தள்ளி நின்று நாயனம் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே அந்த ஒளிவட்டத்தைப் பேச வேண்டும். தட்டும், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் அந்தத் தூரத்தை ஓரளவு குறைத்தன. வாசித்தவர்களுக்கும் தெரு இனித்துக்கொண்டே இருக்கவில்லை. அருணாசலத்தின் குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தன் மரியாதையைத் தானே கேட்டுப் பெற்றவர் என்பது ஊரறிந்த கதை. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் உரிமையை நாகசுரத்துக்கு நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1940இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். தெருவை விட்டு வெளியேறுவது அவர் காலத்துக் கலைஞர்களுக்கு இழப்பாக மட்டும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தட்டே படைப்பு என்பவர்கள்

கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்டு 1964இல் கச்சேரி மேடையை அடியோடு விட்டுவிட்டுப் பதிவுக்கூடத்துக்குள் போனார். பதிவு என்பது நேரடி இசையின் நிழல் அல்ல, அதுவே ஒரு தனிக்கலை என்பது அவர் கட்சி. 1996இல் தத்துவ அறிஞர் தியடோர் கிரேசிக் இதை ராக் இசைக்குக் கொண்டுவந்து, அதில் முதன்மையான படைப்பு பாடலோ கச்சேரியோ அல்ல, பதிவு செய்யப்பட்ட தடமே என்றார். வந்த எதிர்ப்புகளில் முக்கியமானது, ராக் குழுக்கள் தங்கள் மேடை ஆற்றலால் மதிக்கப்படுகிறார்கள் என்பது. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

இந்த நிலைப்பாட்டைச் சோதித்துப் பார்க்க ‘மெஷின் ஹெட்’ நல்ல இடம். 1971 டிசம்பர் 4 அன்று ஸ்விட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரத்துச் சூதாட்ட மாளிகையில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்துக் கட்டடமே எரிந்துபோனது. அங்கேதான் டீப் பர்ப்பிள் பதிவு செய்வதாக இருந்தது. மாற்று இடமாகக் கிடைத்த அரங்கில் இரவில் வாசித்தபோது அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, போலீஸ் வந்து நிறுத்தியது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைக்கூடத்தில், மெத்தைகளைச் சுவராகச் சாத்தி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டி வெளியே நின்றது. வண்டிவரை போய்க் கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அலுத்துப்போகும் என்பதால், வாசித்ததை அங்கேயே கேட்டுத் திருத்துவதைப் பெரிதும் கைவிட்டார்கள். அந்தத் தட்டில் ஒலிக்கும் நெருக்கமும் முரட்டுத்தனமும் அந்த நடைக்கூடத்துக்குச் சொந்தமானவை. மேடையில் அதை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது.

லெட் ஸெப்பலினின் நான்காவது தட்டு (1971) இன்னும் தெளிவான உதாரணம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்த ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். அதன் கூடத்தில், மாடிப்படியின் அடியில் ஜான் பான்ஹம் டிரம்ஸ் வாசித்தார். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே மைக்குகளை மாடிப்படி வழியாக மேலே உயரத்தில் தொங்கவிட்டார். தோலின்மீது விழும் அடியும் படிக்கட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து தட்டின் கடைசிப் பாட்டில் கேட்கின்றன. அந்த டிரம்ஸ் பிரம்மாண்டமாகத் தெரிவதற்குக் காரணம், மைக் தள்ளிப் போனதுதான்.

தமிழில் இதற்கு இணையாக 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ஆபேரிப் பாட்டைச் சொல்லலாம். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகி பாட, அருணாசலம் நாகசுரம் வாசித்தார். மைக் இல்லாத வெளியில் ஒரு பெண்குரலும் நாகசுரமும் எதிரெதிரே நின்றால் குரல் மூழ்கிவிடும். பாட்டிலோ குரலும் குழலும் சமமான தோழமையில் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாத நெருக்கம். குரலையும் நாகசுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து சேர்த்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எந்த முறையில் செய்திருந்தாலும் அந்தச் சமநிலை மைக்கின் கொடை. கிரேசிக்கின் வாதம் இங்கே பொருந்துகிறது: நாகசுரத்தின் மிகப் பிரபலமான தமிழ்ப் பதிவு, தெருவில் நிகழவே முடியாத ஒன்று.

ஆனால் அதே அருணாசலத்தின் கச்சேரிகளை ரசிகர்கள் டேப்பில் பிடித்து வைத்தவையும் இருக்கின்றன. கூட்டத்தின் சலசலப்பு, தவிலுக்குப் பின்னால் இருமல், பாதியில் தொடங்கிப் பாதியில் முடியும் ராகம். இவற்றைப் படைப்பு என்று கிரேசிக்கின் கணக்கில் சேர்ப்பது கடினம். தேர்ந்த ரசிகர்களில் பலர் சினிமாப் பாட்டைவிட இவற்றையே போற்றுகிறார்கள். பதிவுக்கூடத்தின் கைத்திறத்தைத் தரத்துக்கு அளவுகோலாக்கினால் இந்த மதிப்பீடு விளங்காமல் போய்விடும்.

ஒலியின் கனம்

1993இல் தத்துவ அறிஞர் ப்ரூஸ் பா எழுதிய கட்டுரை ஒன்று விவாதத்தை வேறு பக்கம் திருப்பியது. ராக் இசையை வடிவத்தால் அளக்கக் கூடாது. அதன் அழகு ஒலியின் பொருண்மையில், அதாவது நாதத்தின் தன்மை, உரப்பு, உடல் உணரும் தாளம் ஆகியவற்றில் இருக்கிறது என்றார். 1995இல் ஜேம்ஸ் யங்கும் 1999இல் ஸ்டீபன் டேவிஸும் மறுத்தார்கள். செவ்வியல் இசையிலும் நாதமும் உடலுணர்வும் உண்டு, ராக்கிலும் வடிவம் உண்டு, இரண்டுக்கும் இரண்டு அழகியல் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. மூவரும் நாகசுரத்தை எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விவாதம் சற்று மாறியிருக்கும். ஏனென்றால் இங்கே செவ்வியல் ராக இலக்கணத்தின் உச்சமும் தெருவை நிறைக்கும் உரப்பும் ஒரே குழலில் இருக்கின்றன.

அந்தக் குழலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆச்சா மரத்தில் கடைந்த, கீழே போகப் போக விரியும் உடல், அடியில் அணசு, மேலே கெண்டையில் செருகிய சீவாளி. நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் இந்தச் சீவாளி, உதட்டுக்குள் இரண்டு இதழாக அதிர்கிறது. விரிந்துகொண்டே போகும் உடல் அந்த அதிர்வின் மேல்நாதங்களை எல்லாம் வெளியே தள்ளுகிறது. மனிதக் காதுக்குக் கூர்மை அதிகமுள்ள பகுதி, ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நாகசுரத்தின் சத்தில் கணிசமான பங்கு அங்கே விழுகிறது. தவிலில் கதை வேறு. வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் வெடிப்பு மேலே நிற்கிறது. தொப்பியில் கழி எழுப்பும் அடிநாதம் கீழே கிடக்கிறது.

இதில் ஒரு முக்கியமான விளைவு உண்டு. ஒலியளவைக் குறைத்தால் காது முதலில் இழப்பது கீழ்நாதத்தை. 1933இல் ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே, சன்னமாக வைத்துக் கேட்கும் ஹார்டு ராக் தட்டு தன் அடித்தளத்தை இழக்கிறது. சன்னமாக வைத்துக் கேட்கும் நாகசுரத் தட்டில் நாயனம் பெரும்பாலும் தப்பிக்கிறது, தவிலின் தொப்பிதான் காணாமல் போகிறது. உரத்த இசையை உரக்கத்தான் கேட்க வேண்டுமா என்ற கேள்விக்கு, கருவிக்குக் கருவி விடை மாறுகிறது.

பாவின் பக்கம் வலுச்சேர்க்கும் இன்னொரு செய்தி, இரண்டு மரபுகளும் ஒரு கட்டத்தில் சுருதியைக் கீழே இறக்கியது. குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாயனத்திலிருந்து நீண்ட பாரி நாயனத்துக்கு மாறியதோடு ராஜரத்தினத்தின் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. நரசிங்கம்பேட்டை ஆசாரிகளின் கைத்திறன் அதற்குத் துணை நின்றது. தோடியின் காந்தாரத்தை நின்று நிதானித்து அசைக்கும் விசாலம் அந்த நீண்ட குழலோடு சேர்ந்து வந்தது. ராக் பக்கத்தில், பர்மிங்ஹாமின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தகரப் பட்டறையில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற, விரல்கள் முடங்கிய கிட்டார் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றே அவரைத் திரும்ப வாசிக்க வைத்தது. பிளாக் சப்பாத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) தட்டில் அவர் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். காரணங்கள் வேறு, காலங்கள் வேறு. ஆனால் கனம் என்பது சத்தத்தைக் கூட்டுவதால் மட்டும் வருவதில்லை என்பதை இருவரும் கைப்பட அறிந்திருந்தார்கள்.

யாருடைய உரப்பு பதிவானது?

எது காவியம் என்ற கேள்விக்கு முன்னால், எது தட்டில் ஏறியது என்ற கேள்வி நிற்கிறது. கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் பதிவு தொடங்கியதிலிருந்து, விற்கக்கூடியது எது என்பதைக் கம்பெனிகளே தீர்மானித்தன. நாகசுரத்துக்கு இடம் கிடைத்தது. கணியான் கூத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாயனம், தவில், பம்பை, தமுக்கு என்று நையாண்டி மேளம் எழுப்பும் ஒலியைப் போல ஹார்டு ராக்கின் உடல்வேகத்துக்கு நெருங்கியது தென்மாவட்டங்களில் வேறில்லை. ஆனால் அதில் கிளாசிக் என்று ஊர் ஒப்பும் ஒரு தட்டைக் காட்டுவது கடினம். வில்லுப்பாட்டில் நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) வானொலியாலும் மேடையாலும் நாடறிந்தார். கொடையில் விடிய விடிய வில்லடிக்கும் புலவர்களின் குரல் பரவலாகக் கடைக்கு வர, மலிவான கேசட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகசுரத்திலேயே மதுரை பொன்னுத்தாய் போன்ற பெண் கலைஞர்களின் வாசிப்பு எவ்வளவு பதிவானது என்று பார்த்தால் இடைவெளி புரியும்.

மேற்கத்திய ராக் பட்டியல்களிலும் இதே ஓரவஞ்சனை உண்டு. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 2003இல் வெளியிட்ட 500 தட்டுகளின் பட்டியல் அடுத்தடுத்த பதிப்புகளில் பெரிதும் மாறியது, தட்டுகள் மாறாதபோதே. பட்டியல் மாறுவதால் மதிப்பீடே பொய் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது மிகை. கேட்பவர்களின் வட்டம் மாறும்போது, ஏற்கெனவே தட்டில் இருந்தவையே புதிதாகக் காதில் விழுகின்றன. 2018இல் சென்னையில் பறையையும் மின்கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு செய்ததும் அந்த வட்டத்தை விரிக்கும் வேலைதான்.

குழாயில் திரும்பி வந்த நாயனம்

மேற்கண்ட நிலைப்பாடுகள் எல்லாம் ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: தட்டைக் கேட்பவர் ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நடந்தது அப்படியல்ல. அங்கே அருணாசலத்தின் தட்டு பெரும்பாலும் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் ரேடியோ செட்டுக்காரர் மரத்தில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து கேட்டது. தெருவிலிருந்து பிடுங்கித் தட்டில் அடைத்த இசை, அதே தட்டின் வழியாகத் தெருவுக்கே திரும்பியது.

அந்தக் குழாய் ஒரு மோசமான கருவி. ஆனால் நாகசுரத்துக்கு வசதியான கருவி. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது மெலிந்துவிடும். தவிலின் தொப்பியை விழுங்கிவிடும், நாயனத்தின் மேல்நாதங்களையோ அள்ளி வீசும். விடியற்காலையில் வயலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போகிற ஒலி அப்போது வளைந்து தரைக்கே திரும்புவதால், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரின் கல்யாண மேளம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் வந்து சேரும். வெயில் ஏறியதும் அதே குழாய், அதே தட்டு, பாதித் தூரம்கூட எட்டாது.

இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் உரப்பைப் பற்றிய கேள்வியே உருமாறுகிறது. உரத்த இசையில் கேட்பவர் உணர்வது டெசிபலை அல்ல, தொலைவை. இந்த ஒலி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எவ்வளவு பெரிய வெளியை நிறைக்கிறது என்பதைக் காது ஒவ்வொரு கணமும் கணிக்கிறது. பான்ஹமின் மாடிப்படியும் மோந்த்ரோ நடைக்கூடமும் ஆபேரிப் பாட்டின் மைக்கும் அந்தத் தொலைவை மூன்று விதமாகப் புனைந்தன. கூம்புக் குழாய் நான்காவது விதம். ஒரு தட்டை உரத்த இசையின் காவியம் என்று மதிப்பதற்கு, அது தொலைவை எவ்வளவு நம்பும்படி கட்டியிருக்கிறது என்பதை முதல் சோதனையாக வைக்கலாம். வடிவவாதமும் தெருவாதமும் தட்டுவாதமும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் நிற்பதற்கு இந்தச் சோதனையில் இடம் இருக்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் ஓட்டைகள் உண்டு. குழாய்க் காலத்து அனுபவத்தைப் பொன்மயமாக்கிவிடும் அபாயம் முதலாவது. காண்ட் சொன்ன அக்கம்பக்கத்தார் இங்கேயும் இருந்தார்கள்: பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், நோயாளிகள், இரவு வேலை முடித்துப் படுத்தவர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளுக்குத் தடை போட்டதும், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல் என வரம்பு வைத்ததும் நியாயமான தேவையிலிருந்து வந்தவை. மூடிய மண்டபத்தில் நாயனத்துக்கும் மைக் வைத்து, தவிலுக்கும் மைக் வைத்துக் காது அடைக்கும்படி திருப்பிவிடும் இன்றைய வழக்கத்தில் உரப்பு இருக்கிறது, தொலைவு இல்லை.

தீராதவை

மறுபதிப்பு ஒரு சிக்கல். பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது கீறலொலியை வடிகட்டுகிறார்கள். கீறலொலியும் நாகசுரத்தின் மேல்நாதங்களும் ஏறக்குறைய ஒரே பகுதியில் இருப்பதால், வடிகட்டியைச் சற்று முடுக்கினாலும் நாயனம் மொண்ணையாகிவிடுகிறது. ராக் தட்டுகளில் நடப்பது வேறு விபரீதம்: மெலிந்த பகுதிகளையும் உயர்த்தி முழுப்பாட்டையும் ஒரே உரப்பில் நிறுத்துவது. மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) வெளிவந்தபோது ரசிகர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். எந்தப் பதிப்பைக் கேட்டு ஒரு தட்டை மதிப்பிடுவது என்பதில் விமர்சகர்களிடையே பொதுவான வழக்கம் இன்னும் உருவாகவில்லை. நாகசுரத்தில் அந்தப் பேச்சே தொடங்கியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, காதுக்குள் செருகும் ஹெட்ஃபோன். இன்று பெரும்பாலோர் அருணாசலத்தையும் லெட் ஸெப்பலினையும் கேட்பது அதில்தான். ஒலி மண்டைக்குள்ளேயே நிற்கும் அந்தக் கேட்பில், பதிவில் கட்டியிருக்கும் தொலைவு மட்டுமே மிஞ்சுகிறது. அறையோ வயலோ சேர்க்க ஒன்றுமில்லை. மாடிப்படியில் தொங்கிய மைக்கின் தடம் அங்கே தெளிவாகக் கேட்கக்கூடும். குழாய்க்காகவே வாழ்ந்த மூன்று நிமிடத் தட்டு அங்கே சிறுத்துப் போகவும்கூடும். இதைப் பற்றிய கேட்புச் சோதனைகள் மேற்கத்திய இசையை வைத்தே பெரும்பாலும் நடந்திருப்பதால், உறுதியாகச் சொல்ல இடமில்லை.

ரசிகர்களின் வீட்டலமாரிகளில் இருக்கும் டேப்புகளின் நிலை எல்லாவற்றிலும் அவசரமானது. இடைசெவல் எழுத்தாளர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பங்குபெற்ற கரிசல் ரசிகர் வட்டம், நாகசுரத்தை எழுத்துக்கு நிகரான தீவிரத்தோடு கேட்டது. அப்படிப்பட்டவர்கள் சேர்த்து வைத்த கோயில், கல்யாணக் கச்சேரிப் பதிவுகளில் அருணாசலத்தின் நீண்ட ஆலாபனைகள் தட்டின் நேரக்கட்டு இல்லாமல் இருக்கின்றன. காந்தநாடாவோ ஆண்டுக்காண்டு உதிர்கிறது. அவை முழுதாகப் பொதுவெளிக்கு வந்தால், மூன்று நிமிடத் தட்டையும் ஆபேரிப் பாட்டையும் வைத்து உருவான மதிப்பீடு மாறலாம், மாறாமலும் போகலாம். பதிவு செய்தவர், வாசித்தவரின் குடும்பம், அழைத்த கோயில் ஆகிய மூவரில் அந்த ஒலி யாருக்கு உரியது என்பது முதலில் முடிவாக வேண்டும்.